காபரேற்றர் ஒழுகுகிறதா? இடத்தைப் பார்த்து நோயை அறிவோம்

யாழ்ப்பாணத் தெருக்களில் இன்னமும் சில மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைக் காண்கிறோம். அவை பிறந்த இங்கிலாந்தில் அவற்றைப் பெரும்பாலும் விழாக்களுக்கும் காட்சிகளுக்குமே வெளியில் எடுக்கிறார்கள். எமது பகுதியிலோ அவை உழைக்கும் வண்டிகளாகவே இருந்து வந்துள்ளன. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலால் ஸ்ராட் செய்யப்பட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரை ஆஸ்பத்திரிக்கும் விளைச்சலைச் சந்தைக்கும் கொண்டு சேர்த்தவை இக்கார்களே. நிலத்தையும் கிணற்றையும் விட்டு வந்த சில குடும்பங்களுக்கு, கூடவே கொண்டுவர முடிந்த ஒரே முதலும் ஒரு பழைய கார்தான்.

இக்கார்களில் அடிக்கடி காணும் குறை எரிபொருள் ஒழுக்கு. "பழைய கார் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி, சவர்க்காரத்தை அப்பியோ, கீழே ஒரு பால்மா ரின்னை வைத்தோ காலம் கடத்துவோர் உளர். வேறு சிலர் முழுக் காபரேற்றரும் பழுதென்று எண்ணிப் பெருந்தொகை செலவிடுகின்றனர். இரண்டும் தேவையற்றவை. காபரேற்றரிலிருந்து எரிபொருள் வெளியேறக்கூடிய இடங்கள் மிகச் சில. எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஒழுகுகிறது என்று பொறுமையாகப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு வாசரை மாற்றுவதோடு அல்லது ஒரு தூசியை அகற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

ஏன் பொறுத்திருக்கக் கூடாது?

மொறிஸ் மைனரின் எஞ்சினைத் திறந்து பாருங்கள். காபரேற்றர் இருக்கும் அதே பக்கத்தில், அதற்கு நேர் கீழே, எக்சோஸ் குழாயின் தொடக்கம் இருக்கிறது. பாரம் ஏற்றி ஓடும்போது அந்த இரும்பு 300 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறலாம். மேலிருந்து சொட்டும் எரிபொருள் விழுவது அதன்மீதுதான்.

"நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடியவர்கள், அது பெற்றோலைப் போலப் பற்றாது" என்று சிலர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. குளிர்ந்த நிலையில் பெற்றோலின் ஆவி ஒரு சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி அவ்வாறு பற்றும். ஆனால் பொறியே இல்லாமல், வெறும் சூட்டினால் தானே தீப்பற்றும் விடயத்தில் நிலைமை மாறிவிடுகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 210 பாகையிலேயே தானாகத் தீப்பற்றக்கூடியது. பெற்றோலுக்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே சூடான எக்சோஸின்மீது விழும் மண்ணெண்ணெயும் ஆபத்தானதே.

மற்றது நட்டம். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது ஒரு போத்தலின் பெறுமதி என்னவென்று யாவரும் அறிந்துகொண்டோம். உங்கள் காரின் நட்டத்தை நீங்களே கணக்கிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், ஒழுகுவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பத்து நிமிடம் ஏந்தி, அதை ஆறால் பெருக்குங்கள். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு போகிறது என்பது தெரியும். சொட்டுத்தானே என்று எண்ணியிருந்தவர்களுக்கு இக்கணக்கு ஆச்சரியமாக இருக்கும்.

காபரேற்றர் எவ்வாறு வேலை செய்கிறது?

மொறிஸ் மைனரில் உள்ளது எஸ்.யு. என்னும் வகைக் காபரேற்றர். இதை இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்னும் பாதணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் உருவாக்கினர். 1910 ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய கம்பனியின் பெயரான ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யு. ஆகும். 1926 இல் அக்கம்பனியை மொறிஸ் கார்களின் அதிபர் வாங்கினார். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட மைனர் கார்களில் இவ்வகையே பொருத்தப்பட்டது. பழையவற்றில் எச் வகையும், பிந்தியவற்றில் எச்.எஸ். வகையும் இருக்கும்.

இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, எஞ்சினுக்குக் காற்றும் எரிபொருளும் கலந்து போகும் பகுதி. மற்றையது, அதன் அருகில் உள்ள சிறு கிண்ணம். கராஜ்காரர் இதைப் 'புளோட் சேம்பர்' என்பர். நாம் மிதவைக் கிண்ணம் என்போம்.

மிதவைக் கிண்ணத்தின் வேலையைத் தோட்டத்தில் தண்ணீர் மாறுபவரின் வேலையோடு ஒப்பிடலாம். கிணற்றடியில் பம்ப் இறைக்கிறது. வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. பாத்தி நிரம்பியதும் தண்ணீர் மாறுபவர் மண்ணை வெட்டிப்போட்டு வாயை அடைக்கிறார். காரில் எரிபொருள் பம்ப் கிண்ணத்துக்குள் எரிபொருளை அனுப்புகிறது. கிண்ணத்தில் மட்டம் உயர மிதவையும் உயர்ந்து, மேலேயுள்ள ஒரு சிறு ஊசியைத் தள்ளித் துவாரத்தை அடைக்கிறது. மட்டம் குறைந்தால் மிதவை இறங்கி வழி விடுகிறது. தண்ணீர் மாறுபவர் நித்திரையாகிவிட்டால் வரம்பு உடைத்துப் பாய்வது போல, ஊசி அடைக்கத் தவறினால் எரிபொருள் வழிந்தோடும்.

கிண்ணத்தின் அடியிலிருந்து எரிபொருள் 'ஜெற்' எனப்படும் சிறு பித்தளைக் குழாய்க்குப் போகிறது. கிண்ணத்தில் எந்த மட்டமோ ஜெற்றிலும் அதே மட்டம்தான். இதிலிருந்து எமக்கு ஒரு விதி கிடைக்கிறது. மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டை எந்நேரமும் ஒழுகும். மட்டத்துக்கு மேலே உள்ள வழியால், பம்ப் வேலை செய்யும்போது அல்லது கிண்ணம் நிரம்பி வழியும்போது மட்டுமே எரிபொருள் வெளிவரும். இவ்விதியை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சோதனை செய்யும் முறை

முதலில் காரை வெளியான இடத்தில் நிறுத்தி எஞ்சினை நன்கு ஆறவிடுங்கள். அடுப்பு, குப்பி விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். ஒரு வாளி மணலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இவற்றைச் செய்தபின்னரே சாவியைத் தொடவேண்டும்.

1. காபரேற்றர் முழுவதையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துடைக்காத காபரேற்றரில் ஒழுக்கின் இடத்தைக் காண முடியாது.

2. எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். மொறிஸ் மைனரில் மின் பம்ப் 'ரிக், ரிக்' என்று அடிக்கத் தொடங்கும். கிண்ணம் நிரம்பியதும் சில வினாடிகளில் நின்றுவிடவேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ராங்கில் எரிபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எங்கோ வெளியேறுகிறது, அல்லது பம்புக்கு வரும் குழாயில் காற்று இழுக்கிறது.

3. முதலில் எந்த இடம் ஈரமாகிறது என்று கவனியுங்கள். சொட்டு விழும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. எப்போதும் மேலிருந்து கீழே பார்த்து வாருங்கள்.

4. சாவியை நிறுத்திப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். சொட்டுதல் நின்றுவிட்டால் குறை ஊசியில் அல்லது உள்ளே வரும் குழாயில் உள்ளது. தொடர்ந்து சொட்டினால் குறை அடிப்பகுதியில், ஜெற்றின் பக்கத்தில் உள்ளது.

மண்ணெண்ணெய் விரைவில் காயாது. அதன் ஈரம் நெடுநேரம் தெரியும். பெற்றோல் உடனே ஆவியாகிவிடும். மணமும் பழுப்பு நிறக் கறையுமே மிஞ்சும். பெற்றோல் கார்களில் அந்தக் கறையே வழிகாட்டி.

மேலே வழிந்தால்

கிண்ணத்தின் மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தால் அல்லது அதில் இணைத்த சிறு குழாயால் எரிபொருள் வழிவதே மிகச் சாதாரணமான குறை. இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது தூசி. ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் போதும். சாவியை நிறுத்திவிட்டு மூடியை ஸ்குரூ ட்ரைவரின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சில வேளை இதனாலேயே துகள் விலகிவிடும். விலகாவிட்டால் மூடியைக் கழற்றி, ஊசியை எடுத்து, இருக்கையைச் சுத்தமான பெற்றோலால் கழுவி ஊதிவிடவேண்டும். பழைய வகைகளில் எரிபொருள் மூடிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு வலை வடியும் அதைத் தாங்கும் சுருளும் இருக்கும். அவற்றையும் கழுவி மீண்டும் பொருத்துங்கள்.

இரண்டாவது தேய்வு. ஊசியின் கூரான முனையைச் சுற்றி ஒரு கோடு அல்லது பள்ளம் விழுந்திருந்தால் அது இனி அடைக்காது. ஊசியையும் இருக்கையையும் சோடியாகவே மாற்றவேண்டும். உரைதாளால் தேய்த்துச் சரிசெய்ய முயலவேண்டாம். அதனால் ஒழுக்கு கூடும்.

மூன்றாவது ஓட்டை விழுந்த மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே பிடித்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் அது எரிபொருளைக் குடித்துப் பாரமாகி மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அடுப்பிலிருந்து தூரக் கொண்டுவந்த சுடுநீரில் அதை அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழிகள் வரும். அந்த இடத்தை அடையாளமிடுங்கள். உள்ளே எரிபொருள் இருக்கும்போது ஈயம் பற்றவைக்கக் கூடாது, மிதவை வெடிக்கும். ஒரு சொட்டும், மணமும் இல்லாமல் போகும்வரை உள்ளே இருப்பதை முழுமையாக வெளியேற்றிய பின்பே ஈயம் வைக்கலாம். அதுவும் மிகக் கொஞ்சம். ஈயத்தின் பாரம் கூடினால் மிதவை தாழ்ந்து, மட்டம் உயர்ந்துவிடும். புதிய மிதவை கிடைக்குமானால் அதை வாங்குவதே சிறந்தது.

நான்காவது மட்டம் பிழைத்தல். மிதவைக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள நெம்பு வளைந்திருந்தால் ஊசி பிந்தி அடைக்கும். எச்.எஸ். வகையில் நைலோன் மிதவை மூடியோடு சேர்ந்திருக்கும். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால், மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் வழிந்தால் பம்பைக் கவனியுங்கள். மைனரின் சொந்த மின் பம்ப் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தலுக்கும் குறைந்த அமுக்கமே தரும். பிற்கால வாகனம் ஒன்றின் பலமான பம்பைப் பொருத்தியிருந்தால், அது ஊசியைத் தள்ளித் திறந்துவிடும். காபரேற்றரை எத்தனை தடவை கழற்றினாலும் அந்த ஒழுக்கு நிற்காது.

குழாய் பொருந்தும் இடத்தில் கசிந்தால்

எரிபொருள் குழாய் மூடியோடு சேரும் இடத்தில் ஒரு துளையுள்ள போல்ற்றும், அதன் இருபுறமும் இரண்டு பைபர் வாசர்களும் இருக்கலாம். பழைய வாசர்கள் கல்லைப் போல இறுகியிருக்கும். இவற்றை இரண்டாகவே மாற்றுங்கள். கசிகிறதே என்று ஸ்பனரால் பலமாக முறுக்கவேண்டாம். மூடி மென்மையான கலப்பு உலோகத்தால் ஆனது. புரி அழிந்துவிட்டால் ஒரு வாசரின் வேலை ஒரு மூடியின் செலவாகிவிடும். றப்பர் குழாயாக இருந்தால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், எரிபொருளுக்கென விற்கும் குழாயையே வாங்குங்கள்.

அடியில் சொட்டினால்

சாவியை நிறுத்திய பின்னும் சொட்டினால் ஜெற்றின் பக்கம் பாருங்கள்.

பழைய எச் வகையில் ஜெற்றைச் சுற்றித் தக்கையால் ஆன சிறு வளையங்கள் அடைப்பாக உள்ளன. கார் பல மாதம் ஓடாமல் நின்றால் தக்கை காய்ந்து சுருங்கிவிடும். இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் கார்களில் இக்குறை ஏற்பட்டிருந்தால் வியப்பில்லை. புதிய தக்கைகளைப் பொருத்துமுன் ஓர் இரவு எஞ்சின் ஒயிலில் ஊறவையுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு வாசரையும் சுருளையும் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கள். கிண்ணத்தைக் காபரேற்றரோடு பிணைக்கும் போல்ற்றின் வாசர்களையும் அதே வேளையில் மாற்றிவிடலாம்.

பிந்திய எச்.எஸ். வகையில் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெற்றுக்கு ஒரு மெல்லிய நைலோன் குழாய் போகும். அது கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு றப்பர் வளையம் உண்டு. ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். புதிய வளையம் போடும்போது குழாயின் நுனி அவ்வளையத்துக்கு அப்பால் 5 மில்லிமீற்றர் அளவு நீட்டி நிற்கவேண்டும். நட்டை அளவோடு இறுக்குங்கள்.

எச் வகையில் தக்கையை மாற்றியபின் ஒரு சோதனை அவசியம். ஜெற்றை முழுவதும் மேலே தள்ளிவிட்டு, காபரேற்றருக்குள் உள்ள பிஸ்ரனை விரலால் உயர்த்திக் கைவிடுங்கள். அது தங்குதடையின்றி விழுந்து 'டக்' என்ற ஒலி எழவேண்டும். ஒலி எழாவிட்டால் ஜெற் நடுவில் நிற்கவில்லை; நீண்ட ஊசி அதில் உரசுகிறது. ஜெற்றைப் பிடிக்கும் பெரிய நட்டைச் சற்றுத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் இறுக்குங்கள்.

ஒஸ்ரின் ஏ 40 வைத்திருப்போருக்கு

இக்கார்கள் பலவற்றில் ஸெனித் என்னும் வேறு வகைக் காபரேற்றர் உள்ளது. மேலே சொன்ன விதி இதற்கும் பொருந்தும். இதில் கிண்ணம் கீழே தொங்கி, போல்ற்றுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தைக் கழற்றும்போது மிதவையின் மேற்பக்கம் எதுவென அடையாளம் வையுங்கள். தலைகீழாகப் போட்டால் மட்டம் பிழைத்துவிடும். கிண்ணத்துக்கும் மேற்பகுதிக்கும் இடையிலுள்ள காஸ்கெற் கிழிந்திருந்தால் மாற்றவேண்டும்.

மேலும், இதன் பம்ப் மின்சாரத்தால் அன்றி எஞ்சினாலேயே இயக்கப்படுவது. ஆகவே சாவியை மட்டும் போட்டுச் செய்யும் சோதனை இதற்குப் பொருந்தாது. கைநெம்பு உள்ள பம்ப் ஆனால் அதைக் கையால் அடித்துக் கிண்ணத்தை நிரப்பிப் பார்க்கலாம். பம்பின் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்தால், அதன் உடலிலுள்ள சிறு துவாரத்தால் எரிபொருள் கசியும். இதைக் காபரேற்றர் ஒழுக்கென்று பிழையாக எண்ணிவிடக் கூடாது.

எஞ்சின் ஒயிலையும் பாருங்கள்

வழியும் எரிபொருள் எல்லாம் வெளியே வருவதில்லை. ஒரு பகுதி எஞ்சினுக்குள் இறங்கி, பிஸ்ரன்களைக் கடந்து ஒயிலோடு கலக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் எரியாமல் மிஞ்சுவதும் இவ்வாறே இறங்கும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். எரிபொருள் மணந்தாலோ, ஊற்றாமலே ஒயில் மட்டம் உயர்ந்திருந்தாலோ ஒயிலை மாற்றாமல் ஓடவேண்டாம். நீர்த்துப்போன ஒயில் எஞ்சினைத் தின்றுவிடும்.

செய்யக்கூடாதவை

சைக்கிள் ரியூபை வெட்டி வாசர் செய்யாதீர்கள். அந்த றப்பர் பெற்றோலில் ஊறி வீங்கிக் கெட்டுவிடும். சவர்க்காரம் ராங்கிலுள்ள ஊசித்துளையைச் சிறிது நேரம் அடைக்கலாம். வீடு வந்து சேர அது உதவும். காபரேற்றரில் அதற்கு இடமில்லை. சிலிக்கன் பசையும் வேண்டாம். அது பெற்றோலில் வீங்கிப் பிய்ந்து, ஜெற்றுக்குள் போய் அடைத்துவிடும். ஒழுகும் காரை ஸ்ராட் செய்து, ஓடும் நிலையில் சோதிக்கவும் வேண்டாம்.

தவறித் தீப்பிடித்தால் முதலில் எல்லோரையும் இறக்குங்கள். சாவியை நிறுத்துங்கள், பம்ப் நிற்கும். மணலை வீசுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரிபொருள் அதன்மேல் மிதந்து தீ பரவும்.

வருமுன் காத்தல்

ஊசியில் அகப்படும் தூசி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் போத்தலிலிருந்தும் பழைய கானிலிருந்தும்தான். சேமித்து வைத்த எரிபொருளை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலுள்ளதை மட்டும் நெருக்கமாக நெய்த துணியால் வடித்து ஊற்றுங்கள். அடியிலுள்ள இரண்டு விரற்கடை அளவைத் தவிருங்கள். தண்ணீரும் துருவும் அங்கேதான் தங்கும். கார் ஓடாமல் நிற்குமானால், இரு வாரங்களுக்கு ஒரு தடவை சாவியைப் போட்டுக் கிண்ணத்தை நிரப்பிவிடுங்கள், தக்கை காயாது.

நான்கு பைபர் வாசர்கள், ஒரு சோடி ஊசியும் இருக்கையும், அந்தக் காபரேற்றரின் வகைக்கேற்பத் தக்கை அல்லது றப்பர் வளையம் ஆகியவற்றை ஒரு சிறு ரின்னில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள். அயலில் இக்கார் வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால், இவற்றை ஒன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லியும் கொடுக்கலாம். நடு இரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய கார் அது. அந்த நேரத்தில் அது புறப்படுவதும், நெருப்பில்லாமல் போய்ச் சேருவதும், இன்று ஒரு துணியால் துடைத்துப் பார்ப்பதில் தங்கியிருக்கலாம்.